சர்க்கரையைத் தனி உறையில் வைத்த குக்கீப் பெட்டி

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும் வாரங்களில் “சத்தான”, “முழுத்தானிய”, “இயற்கை இனிப்பு” என்ற சொற்களை நெற்றியில் ஒட்டிக்கொண்ட குக்கீக் கலவைப் பெட்டிகள் அலமாரிகளை நிரப்பத் தொடங்கிவிடுகின்றன. அத்தகைய மசாலாக் குக்கீக் கலவை ஒன்றில் இந்த முறை ஐந்து பெட்டிகள் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகச் சுட்டுப் பார்த்தேன். ஒரே தடவை சுட்டுவிட்டு நன்று, தீது என்று தீர்ப்புச் சொல்வது இந்த வகைப் பொருளுக்குப் பொருந்தாது. முதல் தடவை நேரும் பிழை பெட்டியுடையதா, நம் வீட்டு ஓவனுடையதா என்பதே தெரியாமல் போய்விடும். தயாரிப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவை போலவே இருக்கின்றன என்பதால், கீழே சொல்பவற்றில் பாதியையாவது உங்கள் கைக்குக் கிடைக்கும் பெட்டியோடும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் நான்கு உறைகள் இருந்தன. முழுக்கோதுமை மாவும் பொடித்த ஓட்ஸும் உப்பும் பேக்கிங் சோடாவும் கலந்த உறை 250 கிராம்; சுத்திகரிக்கப்படாத கரும்புச் சர்க்கரை 150 கிராம்; நறுக்கிய வால்நட்டும் உலர் திராட்சையும் சேர்ந்து 80 கிராம்; மசாலாத் தூள் 8 கிராம். இவற்றோடு நாம் 120 கிராம் வெண்ணெயும் ஒரு முட்டையும் சேர்க்க வேண்டும். 24 குக்கீகள் வரும் என்று பெட்டி சொல்கிறது, வரவும் செய்தன.

முதல் பெட்டியை எழுத்துப் பிசகாமல் அதில் சொன்னபடியே செய்தேன். கலந்த உடனே உருட்டி, 180 டிகிரியில் 14 நிமிடம் வைத்தபோது, மேலே வெளுத்தும் அடியில் கருத்தும் வந்த குக்கீகளே கிடைத்தன. கடித்தால் நறநறவென்று தவிடு பல்லில் பட்டது. கருப்புக்குப் பெட்டியைக் குறை சொல்வதற்கில்லை. என் ட்ரே கறுப்பு நிறத்தது. கறுப்பு உலோகம் வெப்பத்தை விரைவாக வாங்கி அடிப்பாகத்துக்குக் கடத்திவிடும். போதாததற்கு, சந்தேகம் தட்டி ஒரு சிறிய ஓவன் வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தால், குமிழில் 180 என்று இருக்க, உள்ளே 195 காட்டியது. அந்த நறநறப்புக்கு மட்டும் பெட்டிதான் பொறுப்பு.

முழுக்கோதுமை மாவில் தவிடும் முளைப்பகுதியும் அப்படியே இருக்கின்றன. தவிடு ஈரத்தை நிறையவே உறிஞ்சும், ஆனால் மெதுவாகத்தான் உறிஞ்சும். வெண்ணிற மாவுக்கு எழுதிய செய்முறையில் மாவை மட்டும் மாற்றிப் போட்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பெட்டியின் பின்பக்கத்தை எழுதியவரும் அப்படித்தான் மறந்திருக்கிறார். இரண்டாம் பெட்டியின் மாவைக் கலந்து, மூடி, குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தேன். வைக்கும்போது ஈர மணல் போலக் கையில் ஒட்டிப் பிரிந்துகொண்டிருந்த மாவு, எடுக்கும்போது ஜன்னல் கண்ணாடிக்குப் பூசும் மக்குப் போல ஒரே உடலாகியிருந்தது. உள்ளங்கையில் உருட்டினால் விளிம்பு வெடிக்கவில்லை. சுட்ட பிறகு தவிடு நாக்குக்குத் தெரிந்தது, பல்லுக்குத் தெரியவில்லை. “கலந்தபின் ஒரு மணி நேரம் ஆறவிடவும்” என்ற ஒற்றை வரியைப் பெட்டியில் சேர்த்திருந்தால், முழுத்தானியக் குக்கீ என்றாலே வைக்கோல் என்று முகம் சுளிப்பவர்களில் பலரை இந்த நிறுவனம் தன் பக்கம் இழுத்திருக்கலாம்.

மாவைப் பற்றி இன்னொன்று. முளைப்பகுதியில் எண்ணெய் இருப்பதால் முழுக்கோதுமை மாவு வெண்ணிற மாவைவிட விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். ஐந்து பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தபோது பழைய எண்ணெயின் வாடை லேசாக எழுந்தது. வால்நட்டும் அதே நோய்க்கு ஆளாகக்கூடியது என்பதால் எந்த உறை குற்றவாளி என்று முகர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது (இந்த முறை வால்நட் தப்பித்தது, மாவுதான்). வாங்கியவுடன் சுடப்போவதில்லை என்றால் இத்தகைய பெட்டியை அலமாரியில் அல்ல, குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே முறை.

இனி சர்க்கரை. பெட்டியின் முகப்பில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது “வெள்ளைச் சர்க்கரை இல்லை” என்ற அறிவிப்பு. அது உண்மைதான், ஆனால் உடல்நலக் கணக்கில் அதற்கு ஏறக்குறைய எந்தப் பொருளும் இல்லை. சுத்திகரிக்கப்படாத கரும்புச் சர்க்கரையில் ஒட்டியிருக்கும் பாகு நிறத்தையும் மணத்தையும் தரும். மற்றபடி அதுவும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோஸே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேனையும் பாகுகளையும் பழச்சாற்றையும் ஒரே தட்டில் வைத்து, இவை எல்லாம் சேர்ந்து நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மேலும் நல்லது என்றும் சொல்கிறது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 5 விழுக்காடு 25 கிராம். பெட்டியின் 150 கிராமை 24 குக்கீகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 6.25 கிராம் வருகிறது. ஆக நான்கு குக்கீகளோடு அந்த நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது. பேச்சுச் சுவாரசியத்தில் நான்கு குக்கீ தீர்ந்துபோவது விருந்தினர் வந்த வீட்டில் யாருக்கும் வியப்பாக இராது.

ஆனால் இதே சர்க்கரை விஷயத்தில்தான் பெட்டியின் மிகச் சிறந்த குணமும் இருக்கிறது. அதைப் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அச்சிடவில்லை. சர்க்கரை தனி உறையில் இருக்கிறது. மற்ற கலவைகளில் மாவோடு மாவாகச் சர்க்கரையையும் கலந்துவிடுவதால் நம் விருப்பத்துக்கு அதில் இடமில்லாமல் போகிறது. இங்கே ஒரு தராசு இருந்தால் போதும். மூன்றாம் பெட்டியில் 100 கிராம் மட்டும் சேர்த்தேன். குக்கீ ஒன்றுக்குச் சர்க்கரை 4.2 கிராமாக இறங்கியது. அதே 25 கிராமுக்குள் ஆறு குக்கீ அடங்கும்.

குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நான்காம் பெட்டி காட்டியது. சர்க்கரை குக்கீயில் இனிப்புக்காக மட்டும் இருப்பதில்லை. ஓவனில் உருகி மாவைப் பரவ வைப்பதும், மேற்புறத்தைச் சிவக்க வைப்பதும், ஈரத்தைப் பிடித்துவைத்து மறுநாளும் மென்மை போகாமல் காப்பதும் அதுதான். பாதியாக, அதாவது 75 கிராமாகக் குறைத்தபோது, உருட்டி வைத்த உருண்டைகள் உருண்டைகளாகவே வெந்து வெளியே வந்தன. மறுநாள் அவை உலர்ந்துபோயிருந்தன. அடிநாக்கில் சோப்பு போன்ற ஒரு சுவையும் நின்றது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் பேக்கிங் சோடா. அதை நடுநிலைப்படுத்த ஓர் அமிலம் வேண்டும். இந்தக் கலவையில் அந்த வேலையைச் சர்க்கரையில் ஒட்டிய பாகு ஓரளவுக்குச் செய்கிறது. சர்க்கரையைக் குறைத்தால் அமிலமும் குறைகிறது, சோடா மிஞ்சுகிறது. மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் வரை இது தெரியவில்லை. அதற்கு மேல் குறைப்பவர்கள் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்வது நல்லது. எந்த அளவில் குறைத்தாலும், உருண்டையை ட்ரேயில் வைத்தபின் விரலால் அழுத்தித் தட்டையாக்கிவிட வேண்டும். சர்க்கரை செய்யாத வேலையை விரல் செய்யட்டும்.

இரண்டாம், மூன்றாம் பெட்டிகளை ஒரே நாளில் சுட்டு, எது எதுவென்று சொல்லாமல் இரண்டு தட்டுகளில் வைத்தேன். வீட்டில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் சர்க்கரை குறைந்த தட்டையே கூடுதல் இனிப்பு என்றார்கள். ஒருவர் எதையும் சொல்லாமல் அந்தத் தட்டில் இருந்து மூன்றாவதை எடுத்துக்கொண்டார், அதையும் ஒரு வாக்காகவே எண்ணினேன். இது சரியான சோதனை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் மூன்றாம் பெட்டியில் நான் சர்க்கரையை மட்டும் மாற்றவில்லை, பெட்டியின் மசாலாத் தூளையும் ஒதுக்கிவிட்டு என் மசாலாவைச் சேர்த்திருந்தேன். ஆனால் அந்தப் பிழைதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. பட்டை, ஏலக்காய் போன்ற மணங்களை நாம் நெடுங்காலமாக இனிப்போடு சேர்த்தே உண்டு பழகியவர்கள். மணம் தூக்கலாக இருந்தால் நாக்கு இனிப்பையும் கூட்டிச் சொல்கிறது. சர்க்கரையைக் குறைக்க நினைப்பவருக்கு மசாலா ஓர் அலங்காரம் அன்று, குறைத்த 50 கிராமின் இடத்தில் நிற்க வேண்டிய ஆள். இந்தப் பெட்டி மிகவும் கோட்டைவிட்டதும் அங்கேதான்.

மசாலா உறையைப் பிரித்தால் பழுப்பு நிறத் தூள் ஒன்று இருந்தது; மூக்கருகே கொண்டுபோனால் பட்டையின் சாயலும், அதற்குப் பின்னால் காகிதத்தின் வாடையும் வந்தன. கிராம்பின் காரம், ஏலக்காயின் குளிர்ச்சி, ஜாதிக்காயின் கதகதப்பு எல்லாம் ஆவியாகும் எண்ணெய்களில் இருப்பவை. முழுதாக இருக்கும் வரை கிராம்பு தன் மணத்தைத் தரும் யூஜினாலைப் பூட்டி வைத்துக்கொள்ளும். தூளாக்கிய அன்றே கதவு திறந்துவிடுகிறது, சில மாதங்களில் வீடு காலியாகிவிடுகிறது. பெட்டியில் அடைத்து, கிடங்கில் வைத்து, பருவம் வரும்போது அலமாரிக்கு வரும் தூளிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் மாவுக்கு முழுத்தானியம் வேண்டும் என்று நினைத்தவர்கள் மசாலாவையும் முழுதாகவே ஓர் உறையில் போட்டிருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

நான் சேர்த்தவை இவை: ஒன்றரைத் தேக்கரண்டி பட்டைத் தூள், முக்கால் தேக்கரண்டி சுக்குத் தூள், எட்டு ஏலக்காயின் விதை, மூன்று கிராம்பு, சிறிது துருவிய ஜாதிக்காய், ஓர் ஆரஞ்சின் தோல் துருவல். இஞ்சிக்குப் பதில் சுக்கு என்பதற்குக் காரணம் உண்டு. இஞ்சி உலரும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள் ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் அதைவிடக் காரமானது. மாவில் கூடுதல் ஈரமும் சேராது. இடித்த மசாலாவை நேரே மாவில் போடாமல், 120 கிராம் வெண்ணெயில் கால் பங்கை உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு அதில் கலந்து வைத்தேன். மணம் தரும் இந்த எண்ணெய்கள் கொழுப்பில் கரைபவை. வெண்ணெயில் நுரை அடங்கி, தூள் சற்றே கறுத்து, சமையலறைக்கு அடுத்த அறையில் இருந்தவர் என்ன வாசனை என்று கேட்ட கணத்தில் ஆறவைத்துவிட வேண்டும். அதற்கு மேல் சூட்டில் விட்டால் கிராம்பு கசக்கும்.

பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் “இலவங்கப்பட்டை” என்று மட்டும் இருக்கிறது, எந்தப் பட்டை என்று இல்லை. சந்தையில் இரண்டு வகை உண்டு. காசியா எனப்படுவது தடித்து, ஒரே சுருளாக, உடைக்கக் கடினமாக இருக்கும். சிலோன் பட்டை காகிதம் போல மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டு, விரலில் நொறுங்கும். தூளாகிவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கடினம். காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது, சிலோன் பட்டையில் மிகச் சொற்பம். கூமரின் அளவுக்கு மிஞ்சினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிமுறை, பட்டையின் பெயரை லேபிளில் தாங்கிய பாரம்பரிய, பருவகால பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராமும், பிற நொறுக்கு வகைப் பேக்கரிப் பண்டங்களில் 15 மில்லிகிராமும் உச்சம் என்கிறது. பண்டிகை என்பதற்காக மும்மடங்குக்கும் மேலான சலுகை. அந்த 50 என்ற உச்சத்தைத் தொட்ட குக்கீயில் 30 கிராம் உண்டால் 1.5 மில்லிகிராம் உள்ளே போகும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதுவே அன்றைய வரம்பு. இந்த வரம்பு வாழ்நாள் முழுதும் தினமும் உண்பதை வைத்துப் போட்டது என்பதால், விடுமுறையில் நாலு நாள் கூடினால் பதறத் தேவையில்லை. ஆயினும் “சத்தான” என்று குழந்தைகள் உள்ள வீட்டைக் குறிவைத்து விற்பவர்கள், சேர்த்திருப்பது எந்தப் பட்டை என்று ஒரு சொல் எழுதுவதில் என்ன கஷ்டம்? நான் சிலோன் பட்டையையே இடித்துச் சேர்த்தேன். அதன் மணம் காசியாவைவிட மென்மையானது என்பதால்தான் அளவு ஒன்றரைத் தேக்கரண்டியாக ஏறியது.

ஊட்டச்சத்து அட்டவணை என்னை எரிச்சலூட்டியது. அது உலர்ந்த கலவைக்கான அட்டவணை. நாம் சேர்க்கப்போகும் வெண்ணெய் அதில் இல்லை. 120 கிராம் வெண்ணெயில் சுமார் 860 கலோரியும் 60 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பும் இருக்கின்றன. குக்கீ ஒன்றுக்கு 36 கலோரியும் இரண்டரை கிராம் நிறைவுற்ற கொழுப்பும் அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன. முகப்பில் பெருமையாக அச்சிட்டிருக்கும் “கொழுப்பு குறைவு” என்பது நாம் வெண்ணெயைத் தொடும் வரைக்கும்தான் உண்மை.

ஐந்தாம் பெட்டியை இரண்டாகப் பிரித்து வெண்ணெயோடு விளையாடிப் பார்த்தேன். முதல் பாதியில், சேர்க்க வேண்டிய 60 கிராமில் 30 கிராமை வெண்ணெயாகவும், மீதிக்கு ஈடாக 24 கிராம் எண்ணெயும் சேர்த்தேன். வெண்ணெயில் கொழுப்பு 80 விழுக்காட்டுக்கு அருகில்தான், மீதி பெரும்பாலும் நீர் என்பதால் எண்ணெயை அந்த அளவுக்குக் குறைத்தே போட வேண்டும். குழைக்கும்போது வெண்ணெய் பிடித்துவைக்கும் காற்றை எண்ணெய் பிடிக்காது. குக்கீ சற்று அடர்ந்து வந்தது, ஆனால் குக்கீயாகவே இருந்தது. மறுபாதியில் வெண்ணெயின் பாதிக்கு வேகவைத்து மசித்த ஆப்பிள் சேர்த்தேன். வந்தது சிறிய கேக். மென்மையாக, மணமாக, நன்றாகவே இருந்தது, ஆனால் கடித்தால் ஒரு சத்தமும் இல்லை. குக்கீ என்று சொல்லி யாரிடமும் நீட்ட முடியாது.

வால்நட்டும் திராட்சையும் குறை சொல்ல இடம் தரவில்லை. வால்நட்டை மட்டும் மாவில் சேர்ப்பதற்கு முன் எட்டு நிமிடம் வறுத்துக்கொண்டால் கசப்பு அடங்கும். ஓட்ஸ் பொடித்திருப்பது எனக்குச் சற்று வருத்தமே. அதன் கரையும் நார்ச்சத்து பொடித்தாலும் போய்விடாது, மெல்லும் சுகம்தான் போய்விட்டது.

சுடும் நேரத்தையும் நிறத்தையும் பற்றிப் பெட்டி சொல்வது “நன்கு பழுப்பாகும் வரை” என்பது. இதை மாற்றியே ஆக வேண்டும். மாவிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது, புற்றுநோய் அச்சம் எழுப்பும் அக்ரிலமைடு உருவாகிறது. சூட்டில் சமைத்த உணவுகளில் அது இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் வெளிப்படுத்தியதிலிருந்து, உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் பல பொன்னிறத்தில் நிறுத்தச் சொல்கின்றன. தவிடு நீங்காத மாவில் அஸ்பராஜின் கூடுதலாகவே இருக்கும். ஆகவே முழுத்தானியக் குக்கீக்குத்தான் இந்தக் கவனம் அதிகம் தேவை. முழுக்கோதுமை மாவு முதலிலேயே பழுப்பாக இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. வெப்பமானியின் கணக்கில் 170 டிகிரி, வெளிர்நிற ட்ரே, பேக்கிங் தாள், 11 நிமிடம்: விளிம்பு பிடித்துக்கொண்டு நடுப்பகுதி விரலுக்கு மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட்டேன். ட்ரேயிலேயே ஐந்து நிமிடம் விட்டால் நடுவும் தானாக இறுகிவிடுகிறது.

மொத்தத்தில், ஓவனுக்குப் புதியவர்கள், மாவும் சோடாவும் அளக்கத் தயங்குகிறவர்கள் இந்தப் பெட்டியை வாங்கலாம். மாவு உறை நன்றாக அளந்து செய்யப்பட்டிருக்கிறது, சர்க்கரை உறை உங்கள் கையில் விடப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே சுட்டுப் பழகியவர்கள் வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. என் அலமாரியில் இப்போது பிரிக்காத மூன்று மசாலா உறைகளும், கடைசி மூன்று பெட்டிகளில் மிஞ்சிய 175 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. அடுத்த முறைக்கு 100 கிராம் போதும் என்பதால் முழுக்கோதுமை மாவும் ஓட்ஸும் மட்டும் தனியாக வாங்கி வந்திருக்கிறேன். ஓட்ஸ் இந்த முறை பொடிக்காதது.